ஒற்றைப்படை நாளில் வெள்ளை, இரட்டைப்படை நாளில் சிவப்பு

எங்கள் ஊரில் ஒரே இடத்தில் ஒரே நாளில் இரண்டு பேர் வலை கட்ட மாட்டோம். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் உள்ள அந்த இடங்களுக்கு ஆளாளுக்குப் போட்டி போட்டால் மண்டைதான் உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை பிரித்துக்கொள்வோம். இந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று என் பாடு என்றால் அந்த இடத்தில் என் கழியும் என் வலையும்தான் நிற்கும். மற்றவன் தள்ளித்தான் போகவேண்டும். நாளை அவன் பாடு வரும்போது நான் தள்ளிப்போவேன். போலீசும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம்.

சீட்டுக் குலுக்கும் வேலை இருபது வருஷத்துக்கு மேல் என் கையில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. உலகத்தில் எந்தச் சண்டைக்கும் முறை வைத்துவிட்டால் வழி பிறந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த நியாயத்தை என் நெஞ்சுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தேன். அதில் உயிர் போகப் பார்த்தது.

அறுபத்தைந்து வயதுவரை நான் ஆஸ்பத்திரிப் படி ஏறியது ஒரே தடவை, கெளுத்தி முள் குத்தியபோது. எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் அம்மா வருவார். வீடு வீடாக நின்று, வயதானவர்கள் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். அவரைக் கண்டாலே எனக்குப் படகில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். ஒருநாள் என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கய்யா நழுவுற? ஒக்காரு. ஊரே கையக் காட்டுது, ஒனக்கு இன்னா?"

உட்கார்ந்தேன். கருவியில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. நர்ஸ் அம்மா கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார்.

"தாத்தா, தலை சுத்தல் இருக்கா?"

"நீ தாத்தானு கூப்ட்டியே, அப்பத்தான் சுத்துச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் அனுப்பிவைத்தார். ஒரு வெள்ளை மாத்திரை, தினமும் காலையில் ஒன்று, நிறுத்தவே கூடாது என்றார்கள். உப்பைக் குறைக்கவேண்டும், கருவாட்டை மறக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். என் மனைவிக்கு மாத்திரைகூடப் பெரிதாகப் படவில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்பாங்க. கருவாடும் இல்லேன்னா இந்த மனுசன் இன்னாத்தத் துன்றது?" என்று என் சார்பில் நர்ஸ் அம்மாவிடம் சண்டைக்குப் போனாள்.

எங்களுக்கு ஒரே மகள். திருப்பாலைவனத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பஸ் ஏறிக் கண் மூடித் திறந்தால் வந்துவிடுகிற ஊர். ஆனால் எனக்கு அது கண்காணாத தேசமாக இருந்தது. காரணம் மாப்பிள்ளையின் வேலை. அவர்கள் நெல் விவசாயக் குடும்பம். அவர் மட்டும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்கிறார். துறைமுகம் வந்தால் எங்கள் மீன்பிடிப்பு கெடும், வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் கூட்டம் போட்டபோதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்தவன் நான். மகள் அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கட்டிவைத்தேன். கட்டிவைத்த கையோடு, பந்தலில் நாலு பேர் காதில் விழும்படி ஒரு வார்த்தையும் விட்டேன்: "அந்தச் சம்பளத்துல பொங்குற சோறு எனக்கு வேணாம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் நான் பெரிய ஆள். அவள் வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவே இல்லை. மனைவி மட்டும் போய்வருவாள். பொங்கலுக்கு மகள் சட்டை எடுத்துவந்தால் "எனக்குக் கீது" என்பேன். மாமனார் வயலில் விளைந்த அரிசி கொண்டுவந்தாள். அதில் துறைமுகத்துச் சம்பளம் ஒரு பைசாகூட இல்லை என்று தெரிந்தும் திருப்பி அனுப்பினேன். ரோஷம் வந்துவிட்டால் வயல் எது, துறைமுகம் எது என்று பார்க்குமா? கொஞ்ச காலத்தில் அவள் வருவதே குறைந்துபோயிற்று. பொங்கலுக்கு ஒருதரம், ஆடிக்கு ஒருதரம். வந்தாலும் நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவோடு பேசிவிட்டுக் கிளம்பிவிடுவாள். எனக்கு உள்ளுக்குள் வலிக்கும். அதை யாரிடம் போய்ச் சொல்வது? வலியை உண்டாக்கியவனே நான்தான்.

ரத்த அழுத்தச் சேதி மனைவி மூலமாக அவளுக்குப் போயிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேலே நீலமும் சிவப்புமாகப் பழங்களின் படம். உள்ளே சிவப்பு நிறத்தில் கேப்சூல்கள்.

"இன்னாடி இது?"

"பெர்ரி மாத்திரை நைனா. வெளிநாட்டுப் பழத்துல செய்றதாம். வயசானவங்களுக்கு நெஞ்சுக்கும் ரத்தக்குழாய்க்கும் நல்லதுன்றாங்க."

படத்தை உற்றுப் பார்த்தேன். "நம்ம களாப்பழம் மாதிரி கீது. காக்கா துன்றத டப்பால போட்டா வெளிநாடா?"

வழக்கம்போல் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இது சோறு இல்ல, துணி இல்ல, மருந்து நைனா. மருந்தாண்டயுமா ரோஷம் பாப்ப?"

என் கை தானாக நீண்டது. பயத்தில் நீண்டதா, பாசத்தில் நீண்டதா என்று கேட்டால் இரண்டும்தான். அன்றைக்கு அவள் அடுப்படிக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். தூக்கம் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதற்கப்புறம் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் டப்பாவோடு வந்தாள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது என் கையில் இரண்டு மருந்து. ஒன்று டாக்டர் கொடுத்தது, ஒன்று மகள் கொடுத்தது. இரண்டும் போய்ச் சேருகிற இடம் ஒன்றே, என் நெஞ்சு. ஒரே இடத்தில் இரண்டு பேர் வலை கட்டினால் என்ன ஆகும் என்று ஊருக்கே நியாயம் சொன்னவன் நான். இரண்டும் ஒரே நாளில் உள்ளே இறங்கினால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், இரண்டுக்கும் பலன் இருக்காது என்று தோன்றிற்று. வெள்ளையை விட்டால் டாக்டர் திட்டுவார். சிவப்பை விட்டால் மகளை விட்டதுபோல் ஆகும். அப்புறம் என்ன, பாடு பிரித்தேன். ஒற்றைப்படைத் தேதி வெள்ளைக்கு, இரட்டைப்படைத் தேதி சிவப்புக்கு.

இதில் ஒரு சிக்கல் வந்தது. முப்பத்தொன்றாம் தேதியும் அடுத்த நாளான ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை. வெள்ளைக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் போய்விடும். அது சிவப்புக்குச் செய்கிற அநியாயம் இல்லையா? அதனால் முப்பத்தொன்றாம் தேதி இரண்டுக்கும் லீவு விட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஊரெல்லாம் காப்பியடிக்கும் என்று நினைப்பு!

மனைவிக்கும் தெரியாது. தினமும் காலையில் நான் ஏதோ ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பாள், திருப்தியாகப் போய்விடுவாள். மாதக் கடைசியில் பாதி அட்டையும் பாதி டப்பாவும் மீந்துபோகும். அவற்றைப் பழைய வலை கட்டிவைத்த மூட்டைக்குள் திணித்துவிடுவேன். நர்ஸ் அம்மா வருகிற நாளில் மாத்திரை வாங்க மனைவியை முன்னே விட்டு, நான் படகைப் பார்க்கப் போய்விடுவேன். பிடரியில் அடிக்கடி வலித்தது. வெயில் என்றேன். வெயில் காலம் முடிந்து வாடைக் காற்று வந்தபிறகும் வலித்தது. வாடை என்றேன்.

கார்த்திகை மாதம், என் பாடு வந்த நாள். விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கழியை அழுத்தும்போது மார்பைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. இடது கை மரத்துப்போயிற்று. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊன்றிய கழியையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு மறுநாள் பாடு உள்ளவர் அந்தப் பக்கமாகப் படகில் போய்க்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், மாமா என்று கூப்பிடுவார். அடுத்தவன் பாட்டு நாளில் அந்த இடத்துக்குள் படகை விடக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அதனால் தள்ளியே நின்று குரல் கொடுத்தார்.

"மாமா, இன்னா அப்படியே நிக்கிற?"

ஒன்றுமில்லை, போ என்று கையை அசைத்தேன். அந்த நிலைமையிலும் வீம்பு போகவில்லை. கையை அசைத்ததில் பிடி நழுவி முகம் தண்ணீரில் விழுந்தது. அடுத்த நிமிஷம் அவர் படகு என் வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

"உன் பாட்டு நாள்ல பூந்துட்டியேனு அப்பால சண்ட போடு. இப்ப ஏறு" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் போட்டார்.

பழவேற்காடு ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார். மாரடைப்பு இல்லை, அதன் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன் என்றார். ரத்த அழுத்தம் நர்ஸ் அம்மா முதலில் பார்த்ததைவிட அதிகமாக இருந்தது.

"பெரியவரே, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒருநாள் தவறாம" என்றேன். என் கணக்கில் அது பொய் இல்லை.

சாயங்காலம் மனைவி வந்தாள். சாப்பிடும் மாத்திரையெல்லாம் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் தேடியவள் வலைமூட்டையையும் பிரித்திருக்கிறாள். மடியில் கட்டிக்கொண்டுவந்ததை டாக்டர் மேசையில் கொட்டினாள். பாதி அட்டைகளும் பாதி டப்பாக்களுமாக மேசை நிறைந்துவிட்டது. 

வேறு வழியில்லாமல் பாடு பிரித்த விவரத்தைச் சொன்னேன். ஒற்றைப்படை, இரட்டைப்படை, முப்பத்தொன்றாம் தேதி லீவு, எல்லாம். டாக்டர் அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நாற்காலியை என் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏரியில முறை வச்சது சரிதாங்க. ஒருநாள் நீங்க ஒதுங்கினா இன்னொருத்தர் பொழைப்பார். உடம்புல ஒருநாள் இந்த வெள்ளை மாத்திரை ஒதுங்கினா அழுத்தம்தான் பொழைக்கும். ரத்தம் ஒருநாளாவது லீவு போடுதா?"

"அப்ப இந்தச் செவப்பு?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "பழத்தைக் காயவச்சு எடுத்த பொடி. ரத்தக்குழாய்க்குக் கொஞ்சம் நல்லதா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. இருந்தாலும் வெள்ளை மாத்திரையோட வேலைய இது செய்யாது. அதோட, இப்ப உங்களுக்கு ரத்தம் கட்டாம இருக்க இன்னொரு மாத்திரையும் எழுதுறேன். அதோட இது சேருமா, இதுல வேற என்னென்ன கலந்திருக்குன்னு எனக்கு முழுசா தெரியல. அதனால இத நிறுத்திடுங்க. பழம் வேணும்னா பழமா சாப்பிடுங்க, நாவல், களா, இலந்தைனு சீசனுக்குக் கிடைக்கிறத. ஒரு மாசம் ஏரியில இறங்கக்கூடாது. திரும்ப வந்து காட்டுங்க, அழுத்தம் இறங்கியிருந்தா போகலாம்."

ஏரிக்குப் போகக்கூடாது என்றது அப்போது காதில் ஏறவில்லை. சிவப்பை நிறுத்து என்றதுதான் நெஞ்சில் இடித்தது. அந்த டப்பா இல்லையென்றால் மகள் எதற்கு வருவாள்? சட்டையைத் திருப்பினேன், அரிசியைத் திருப்பினேன், கடைசியில் மருந்தையும் திருப்பினால் அப்புறம் அவளுக்கு என் வீட்டில் என்ன வேலை? மறுபடியும் பொங்கலுக்கு ஒருதரம், ஆடிக்கு ஒருதரம்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், ஆஸ்பத்திரி விஷயத்தை மகளிடம் மூச்சுவிடக்கூடாது என்று சத்தியம் கேட்டேன்.

"ஒரு மாசம் பொறுப்பேன். அப்பால நீயே சொல்லணும்" என்றாள் அவள். "மாத்திரைய ஏமாத்துன, எப்படியோ பொழச்சு வந்துட்ட. மவள ஏமாத்தாதய்யா."

அந்த மாதம் முழுவதும் காலையில் எனக்கு முன்னால் போலீஸ்காரி மாதிரி நின்றாள். வெள்ளை மாத்திரையை அவள் கையாலேயே கொடுப்பாள். விழுங்கியதும் "ஆ காட்டு" என்பாள். நாக்கைத் தூக்கியும் காட்டவேண்டும். இடையில் வந்த முதல் ஞாயிறு மகள் டப்பாவோடு வந்தாள். வாங்கிக்கொண்டு, நல்லா வேல செய்யுது என்று அவள் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன். அன்றைக்கு டீ கசந்தது. சர்க்கரை என்னவோ எப்போதும் போலத்தான் போட்டிருந்தாள் மனைவி.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா எண்ணைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் ஒழுங்கா இருந்ததுக்கு எப்படி இறங்கியிருக்கு பாருங்க. இனிமே ஏரிக்குப் போலாம், கனமா எதுவும் தூக்காதீங்க" என்றார். மனைவி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. பஸ் சத்தம் கேட்டபோது எனக்கு மார்பு அடித்துக்கொண்டதைப் பார்த்திருந்தால், டாக்டர் அம்மா மறுபடியும் ஒயரை ஒட்டியிருப்பார்.

மகள் வந்தாள், பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். மனைவி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"இனிமே இத்த எடுத்துனு வராத."

அவள் கை பாதியில் நின்றது. முகம் அப்படியே விழுந்துபோயிற்று. சட்டையைத் திருப்பிக்கொடுத்த அன்றைக்கும் இப்படித்தான் விழுந்தது. அன்று நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். இன்று முடியவில்லை. "அய்யோ, அதுக்கில்லமா" என்று அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பாடு பிரித்தது, வலைமூட்டை, தண்ணீரில் விழுந்தது, டாக்டர் நிறுத்தச் சொன்னது, போன மாதம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

"முப்பத்தொண்ணாந்தேதி லீவா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "செத்துப் போயிருப்பியே நைனா. என் மாத்திரையால செத்துப் போயிருப்பியே."

"நிறுத்துனா நீ வரமாட்டியோனு பயந்தேன்."

அவள் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ரொம்ப ஒண்ணும் செஞ்சிடாதுனு மெடிக்கல்காரரு மொத நாளே சொன்னாரு. இருந்தும் ஏன் வாங்குனேன் தெரியுமா? கல்யாணம் ஆனதுல இருந்து நான் குடுத்ததுல நீ கை நீட்டி வாங்குனது இது ஒண்ணுதான்."

வீம்பில் எவ்வளவு நாளை வீணாக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. துறைமுகம் வேண்டாம் என்று நான் சொன்னதில் இன்றும் மாற்றமில்லை. அதற்கு இந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்?

எழுந்து ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

"உங்க வூட்ல இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்றேன்.

மனைவி செருப்பைத் தேடக்கூட இல்லை; வெறுங்காலோடு தெருவுக்கு வந்துவிட்டாள். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

திருப்பாலைவனத்தில் மாப்பிள்ளை என்னைக் கண்டதும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தார். பிறகு அவரே பாய் விரித்து, இலை போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை. ஒரு வாய் வைத்தேன். எதிலும் உப்பு பேருக்குத்தான் இருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாள் போல என்று நினைத்து, காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உப்பு கம்மியா இருக்கா மாமா? உங்களுக்கு பிரஷர்னு சேதி வந்த நாள்ல இருந்து எங்க வீட்ல இப்படித்தான். எங்க அம்மாவே சண்ட போட்டுப் பாத்தாங்க, இவ கேக்கல. நைனா என்னிக்காவது திடீர்னு வந்து ஒக்காந்துட்டா, அன்னிக்குனு பாத்து உப்பு தூக்கலா போயிடக்கூடாதாம். கை பழகணும்னு சொல்லி எங்க எல்லாரையும் பட்டினி போடாத கொறதான்."

"சும்மா இரு" என்று மகள் அவரை அதட்டினாள். என் பக்கம் திரும்பாமல் குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கை எடுத்தால் சோற்றுக்கை. அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றேன்.